சம்பா விற்ற பணம் எங்கே போனது?

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 41 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. கடந்த ஐப்பசியில், சம்பா நெல் நடவு முடிந்த சில நாட்களில், அவருடைய கணவர் மாரடைப்பால் காலமானார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியார் இவருடனேயே இருக்கிறார். கணவரின் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கணவரின் தங்கை திருமணமாகிக் கும்பகோணத்தில் இருக்கிறார். ஆறு ஏக்கர் நஞ்சை இன்னமும் 2014இல் இறந்த மாமனாரின் பெயரிலேயே இருக்கிறது. கணவர் இருந்தவரை வரவு, செலவு, கடன் எதுவும் இவருக்குத் தெரியாது. பாதிப் பயிரில் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அறுவடை முடித்து, நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, மாமியாரின் வங்கிக் கணக்கில் பணமும் வந்துவிட்டது. “மூன்று லட்சத்துக்கு மேல் வந்தது ஐயா, இப்போது கையில் 14,000 ரூபாய்தான் இருக்கிறது. இந்த விவசாயத்தில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?” என்று கேட்கிறார்.

அவரைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கொழுந்தன், ஆறு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்கிறார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 9 மூட்டை தர ஆள் இருக்கிறதாம். அவருடைய சொந்த அண்ணன், “மாப்பிள்ளையின் பாதி மூன்று ஏக்கர் உன்னுடையதுதானே, அதில் ஓர் ஏக்கரை விற்றுக் கடனை அடை” என்கிறார். பக்கத்து வயல்காரர், கூட்டுறவுக் கடனைக் கட்டவே வேண்டாம், எப்படியும் தள்ளுபடி வரும் என்கிறார். கணவருக்குக் கடன் கொடுத்துப் புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) எழுதி வாங்கிய வியாபாரி, புது நோட்டில் இவருடைய கையெழுத்தைக் கேட்கிறார்.

சகோதரி, நான் வழக்கறிஞன் அல்லன்; வங்கியில் வேளாண் கடன் கணக்குகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே பணக் கணக்கை விரிவாகவும், சட்டத்தை உங்களுக்கு எச்சரிக்கை தேவைப்படும் அளவுக்கு மட்டுமே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், உங்கள் வயல் உங்களைக் கைவிடவில்லை. வயலின் பணம், கடனின் பணம், வீட்டின் பணம் மூன்றும் ஒரே சுருக்குப் பையில் கிடந்ததால்தான் எது எங்கே போனது என்று உங்களால் பார்க்க முடியவில்லை.

முதலில் பயிரின் கணக்கு

நீங்கள் எழுதியபடி, ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 35 வீதம், ஆறு ஏக்கரில் 210 மூட்டை. அதாவது 126 குவிண்டால். 2025–26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்பதால், 3,20,670 ரூபாய் வந்திருக்கிறது. வைக்கோல் 9,000. மொத்த வரவு 3,29,670 ரூபாய். நாற்றங்காலிலிருந்து அறுவடை இயந்திரம் வரை நீங்கள் துண்டுத் துண்டாகக் குறித்து அனுப்பிய செலவுகளைக் கூட்டினால் 2,04,000 ரூபாய், ஏக்கருக்கு 34,000. ஆக, சம்பா உங்களுக்குத் தந்த மிச்சம் 1,25,670 ரூபாய். கணவரை இழந்த துயரத்தில், பாதியில் கையேற்ற பயிரில், இது நட்டம் அல்ல.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே? செலவான 2,04,000 ரூபாயில் 1,50,000 ரூபாய் உங்கள் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்து வைத்திருந்த பயிர்க்கடன். மீதி 54,000 ரூபாயை, இந்தப் பருவத்து உரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும், நெல் விற்ற பிறகு கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கழித்தால் உங்கள் கையில் 2,75,670 ரூபாய் இருந்திருக்க வேண்டும், இருந்தது. அதிலிருந்து உரக்கடையின் பழைய பாக்கிக்கு 38,000, புரோநோட்டு வட்டிக்கு 36,000, நகைக்கடன் வட்டிக்கு 32,000, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 65,000, கருமாதிச் செலவுக்காகக் கைமாற்று வாங்கியதைத் திருப்பியது 70,000 என 2,41,000 ரூபாய் போயிருக்கிறது. மீதமிருந்த 34,670 ரூபாயில் வீட்டுச் செலவு போகத்தான் இந்த 14,000.

இந்தப் பட்டியலில் சங்கத்தின் 1,50,000 ரூபாய் இல்லை என்பதைப் பாருங்கள். அதை நீங்கள் இன்னும் திருப்பிக் கட்டவில்லை. நெல் விற்ற பணத்தில் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தொகை அதுதான். அது பழைய கடன்களுக்கும் கல்விக்கும் கருமாதிக்கும் கரைந்துவிட்டது. இவற்றில் எதையும் வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், விவசாயத்தில் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. பயிர் 1,25,670 ரூபாய் சம்பாதித்தது. குடும்பமும் பழைய கடனும் அதைவிட இரு மடங்குக்கும் மேல் கேட்டன.

கடன் வாங்கிய பணம் வரவு அல்ல, கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது பயிர்ச் செலவும் அல்ல. படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. பயிர்க்கடன் கைக்கு வந்த மாதத்தில் வீடு செழிப்பாகவும், கட்டும் மாதத்தில் விவசாயம் நட்டமாகவும் தெரிவதெல்லாம் இந்தக் குழப்பத்தால்தான்.

உங்கள் எண்களிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. ஏக்கருக்கு 34,000 ரூபாய் செலவு, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் விலை என்றால், செலவை மட்டும் எடுப்பதற்கே 13 குவிண்டாலுக்குச் சற்று மேல், அதாவது 22 முதல் 23 மூட்டை விளைய வேண்டும். அதற்குக் கீழே போனால் நட்டம். உங்களுக்கு 35 விளைந்தது. இடைவெளி 12 மூட்டை. மார்கழி, தை மழையில் கதிர் சாய்ந்து முளைத்துவிட்டால் இந்த இடைவெளி ஒரே வாரத்தில் காணாமல் போகும் என்பது உங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இந்த 12 மூட்டையைக் கூலி என்று நினைக்காமல், ஒரு பகுதியை அடுத்த ஆண்டின் மழைக்காக ஒதுக்க வேண்டிய பணமாக நினைக்க வேண்டும்.

மூன்று ஏக்கர் உங்களுடையது அல்ல

இதைச் சொல்வது கடினமாக இருக்கிறது, ஆனால் விற்பனைப் பேச்சு எழுந்துவிட்டதால் இப்போதே சொல்லியாக வேண்டும். நிலம் மாமனார் தம் சொந்த உழைப்பில் கிரயம் வாங்கியது என்றும், அவர் உயில் எழுதவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவருடைய ஆறு ஏக்கர், மாமியார், உங்கள் கணவர், கொழுந்தன், நாத்தனார் என நான்கு சம பங்கு. ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். “சீர் செய்து அனுப்பிய பெண்ணுக்குப் பங்கு இல்லை” என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் மகள் 1956 முதலே முதல் நிலை வாரிசு. அவர் தம் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அது பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

உங்கள் கணவரின் ஒன்றரை ஏக்கரும் முழுதாக உங்களுக்கு வருவதில்லை. இறந்தவரின் தாயும் முதல் நிலை வாரிசு என்பதால், நீங்கள், மகள், மகன், மாமியார் நால்வருக்கும் அது சமமாகப் பிரிகிறது. தலைக்கு முப்பத்தேழரை சென்ட். உங்கள் மூவருக்கும் சேர்த்து 1 ஏக்கர் 12½ சென்ட். மாமியாருக்கு, அவருடைய சொந்தப் பங்கோடு சேர்த்து 1 ஏக்கர் 87½ சென்ட். இந்த நிலத்தில் இன்று அதிகப் பங்குள்ளவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்த அம்மாதான். நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தால் இந்தப் பங்குக் கணக்கு மாறும். மூலப் பத்திரத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்கள், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். உங்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

ஆகவே, ஓர் ஏக்கரைத் தனித்து விற்பது உங்களால் இன்று முடியாது. மகனுக்கு 18 வயது நிரம்பாததால், அவனுடைய பங்கை விற்க நீங்கள் தாயாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இது தெரிந்தும் குறைந்த விலைக்கு அக்ரிமெண்ட் போட வருபவர்கள் இருப்பார்கள், முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது, மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் பெற்று, எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிப்பது. பட்டா உரிமையை உண்டாக்குவதில்லை. ஆனால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல், அரசு நிவாரணம் எல்லாமே சிட்டாவையும் (நில உரிமைப் பதிவு) அடங்கலையும் (சாகுபடிப் பதிவு) கேட்பதால், இறந்தவர் பெயரில் அவை கிடக்கும் ஒவ்வொரு பருவமும் உங்களுக்கு இடர்தான். கொழுந்தனோடும் நாத்தனாரோடும் பேசும்போது பங்குச் சண்டையாக ஆரம்பிக்காமல், மேலே உள்ள சம்பா கணக்கை அப்படியே காட்டுங்கள். அவர்களும் உரிமையாளர்கள், இந்த நிலம் என்ன தருகிறது, எதற்குப் போகிறது என்று கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு. கேட்கும் முன்பே காட்டிவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

மூன்று கடன்கள், மூன்று விதமான அவசரம்

உங்கள் கடன் மொத்தம் 6,60,000 ரூபாய்: சங்கத்துக்கு 1,50,000, புரோநோட்டு 1,50,000, நகைக்கடன் 3,60,000. “பேங்கில் 9 வட்டி, நோட்டுக்காரரிடம் 2 வட்டிதான், அதனால் நகையை முதலில் மீட்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி சொல்லும் 9 ஆண்டுக்கு. நோட்டுக்காரர் சொல்லும் 2 மாதத்துக்கு. ஆண்டுக்கணக்கில் அது 24 விழுக்காடு. ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஏறக்குறைய அதே அளவு வட்டிக்கு வங்கி 3,60,000 ரூபாய் தந்திருக்கிறது. முதலில் ஒழிய வேண்டியது புரோநோட்டுதான்.

அதே நோட்டைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. புது நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவர் விட்டுச் சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே. புது நோட்டில் நீங்கள் கையெழுத்திட்டால், அது உங்கள் சொந்தக் கடனாகிவிடும். நாளை உங்கள் நகைக்கும் சம்பளத்துக்கும் கூட அது வரலாம். கடனை ஏமாற்றச் சொல்லவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பீர்கள் என்று வியாபாரியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பழைய நோட்டின் நகலைக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த 36,000 ரூபாய்க்கு நோட்டின் பின்புறம் வரவு எழுதித் தேதியிட்டுத் தரச் சொல்லுங்கள். இனி கொடுப்பதை வங்கிக் கணக்கு வழியாக மட்டும் கொடுங்கள். முழுதும் தீர்த்த அன்று நோட்டைத் திரும்ப வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கூட்டுறவுக் கடன் வேறு மாதிரியானது. தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்பதால், உங்கள் கடன்களில் மிக மலிவானது அது. தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும், வட்டியும் அபராத வட்டியும் ஏறும், அடுத்த சம்பாவுக்குக் கடனும் கிடைக்காது. கணவர் இறந்ததால் கடன் தானாக ரத்தாவதில்லை. சங்கத்துக்கு இறப்பை எழுத்தில் தெரிவித்து, தவணைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் உங்களை உறுப்பினராகச் சேர்க்க விண்ணப்பியுங்கள்.

தள்ளுபடியைப் பற்றிச் சொல்பவரை நான் முழுதாக மறுக்க மாட்டேன். 2006, 2016, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. 2021இல் மட்டும் 12,110 கோடி ரூபாய். ஒழுங்காகக் கட்டியவர்கள் அப்போது ஏமாந்ததாக உணர்ந்ததும் உண்மை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு குறித்த தேதி இருந்தது. 2021இல் அது ஜனவரி 31. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும்தான் என்று 5 ஏக்கர் வரம்பு வைத்தார்கள். மாமனார் ஒருவர் பெயரிலேயே இருக்கும் உங்கள் ஆறு ஏக்கர் அதற்கு வெளியே நின்றிருக்கும். எப்போது, யாருக்கு, எந்தத் தேதி வரை என்று தெரியாத ஒன்றை நம்பி, ஆண்டுதோறும் வட்டியில்லாமல் கிடைக்கும் கடனை இழப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நிலத்தைத் தொட முடியாது, தொடவும் வேண்டாம். வங்கியில் இருக்கும் 12 பவுன்தான் உங்களிடம் உள்ள ஒரே நெகிழ்வான சொத்து. பல ஆண்டுகளுக்கு முன் அடகு வைத்து, வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறீர்கள். தங்கத்தின் இன்றைய விலையில் அதன் மதிப்பு உங்கள் கடனைப் போல் இரு மடங்குக்கும் மேல். மகளின் திருமணத்துக்கு என்று வைத்த நகை என்பது தெரிகிறது. இருந்தும் என் கருத்து, இரண்டு மூன்று பவுனை மீட்டு விற்று நோட்டை அடைப்பது. ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி நின்றால், அதையே மீதி நகையை மீட்கத் திருப்பலாம். விற்க மனம் வராவிட்டால், அதே நகையின் மேல் வங்கியில் இன்னும் 1,50,000 ரூபாய் வாங்கி நோட்டை முடிக்கலாம். அந்த ஒன்றரை லட்சத்துக்கான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 13,500 ரூபாயாகக் குறையும். இரண்டாவது வழியில் ஒரு பொறி உண்டு. நோட்டை அடைத்த கையோடு வேறொருவரிடம் புது நோட்டு எழுதும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது இரண்டு கடனும் நிற்கும்.

சங்கத்துக்கு, இப்போது மூன்று ஏக்கரில் தெளித்திருக்கும் உளுந்துப் பணத்தை அப்படியே ஒதுக்குங்கள். தவணைத் தேதிக்குள் குறைவது எவ்வளவோ அதை மட்டும் நகையின் மேல் எடுத்துக் கட்டிவிட்டு, உங்கள் பெயரில் புதுப் பயிர்க்கடன் கேளுங்கள். நாலைந்து நாளைக்கு வாங்கிக் கட்டிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று தினவட்டிக்காரர் யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறுப்பினர் மாற்றமும் பட்டாவும் முடியாத நிலையில், மறுபடி எடுக்கும் நாள் உங்கள் கையில் இல்லை.

உழுவதா, குத்தகைக்கு விடுவதா

கொழுந்தன் சொல்லும் 9 மூட்டைக் கணக்கில் ஆறு ஏக்கருக்கு 54 மூட்டை, 32.4 குவிண்டால், கொள்முதல் விலையில் 82,000 ரூபாய்க்குச் சற்று மேல். குத்தகை நெல் உங்கள் பெயரில் விளைந்ததாகக் கொள்முதல் நிலையத்தில் காட்ட முடியாவிட்டால் தனியார் வியாபாரியிடம்தான் போடுவீர்கள், இன்னும் குறையும். சொந்தச் சாகுபடியில் சம்பா மட்டும் தந்தது 1,25,670 ரூபாய், உளுந்து தனி. வித்தியாசம் 40,000 ரூபாய்க்கு மேல். இதற்காக நீங்கள் கொடுப்பது உங்கள் உழைப்பும், மழை இடரும். நேர்மையாகச் சொன்னால், உடல்நலமும் துணைக்கு ஆளும் இல்லாதவருக்குக் குத்தகை மோசமான முடிவு அல்ல.

உங்கள் நிலையில் அதைத் தடுப்பது வேறு காரணம். பங்கு தீராத நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு விட்டால், சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு இருக்கிறது. நினைத்தபோது வெளியேறச் சொல்ல முடியாது. அந்தச் சட்டம் தேவையான சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் விட்டார், யாருக்கு விட்டார், எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் இல்லாத குத்தகை, நாளைய பாகப்பிரிவினையில் இன்னொரு சிக்கலாக நிற்கும். விடுவதானால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு மட்டும் விடுங்கள்.

என் யோசனை இது: வரும் ஓராண்டுக்கு விற்பனையும் வேண்டாம், ஆறு ஏக்கருக்கும் குத்தகையும் வேண்டாம். உங்களுக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறு இல்லை; மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டிய நிலம். கையில் 14,000 ரூபாயோடு அதில் குறுவையில் (சம்பாவுக்கு முந்தைய குறுகிய காலப் பயிர்) இறங்குவது கடன் வாங்கிச் சூதாடுவது போல. குறுவையை விட்டுவிடுங்கள். சம்பாவும் அதன் பின் உளுந்தும் போதும். அந்த இடைவெளியில் பட்டா, சங்க உறுப்பினர் சேர்க்கை, நோட்டு மூன்றையும் முடியுங்கள்.

நோட்டுப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும்

மகள் செல்போனில் செயலி வைத்துத் தருவதாகச் சொன்னாளாம். வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை; ஆனால் முதல் ஆண்டு கையால் எழுதுங்கள். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பகுதி வயலுக்கு, நடுவில் கடனுக்கு, கடைசிப் பகுதி வீட்டுக்கு என்று பிரியுங்கள். வயல் பகுதியில் தேதிவாரியாக மட்டும் எழுதாமல் பயிர்வாரியாக எழுதுங்கள்: சம்பாவுக்கு நாற்றங்கால் முதல் கடைசிச் சிப்பம் விற்கும் வரை தனிப் பக்கங்கள், உளுந்துக்குத் தனிப் பக்கங்கள். ஆண்டுக் கணக்கை ஜனவரியிலும் முடிக்காதீர்கள், ஏப்ரலிலும் முடிக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் ஓடும் பசலி ஆண்டையே, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவும் உளுந்தும் அதற்குள் முழுதாக அடங்கும்.

எழுத மறப்பவை எவை என்று தெரியும் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்கு என்று நிறுத்திவைத்த நெல்லை அன்றைய விலைக்கு வயலின் வரவாகவும் வீட்டின் செலவாகவும் எழுதுங்கள். ஆட்களுக்குக் கூலியோடு கொடுக்கும் டீ, பலகாரம், கொள்முதல் நிலையத்தில் ரசீதில்லாமல் கொடுக்க நேரும் பணம், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியதால் திரும்பக் காயவைத்த கூலி, எல்லாமே செலவுதான். உரக்கடையில் கடனாக வாங்கும்போது மூட்டை விலையை எழுதுங்கள். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் எழுதியிருந்தாலோ, கேட்காத சத்து மருந்து ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தாலோ, அது உரக்கடைக் கடனின் மறைமுக வட்டி. உங்கள் பழைய பாக்கி 38,000 ரூபாயில் அப்படி எவ்வளவு இருந்தது என்று இனித் தெரிய வழியில்லை. அடுத்த பருவத்தில் தெரியும்.

“விவசாயத்துக்கு வருமான வரி இல்லை, பிறகு எதற்குக் கணக்கு?” என்று உங்கள் அண்ணன் கேட்டாராம். விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு என்பது சரி. உங்கள் கணக்கு வரி அலுவலருக்காக அல்ல. ஏக்கருக்கு 22 மூட்டையா 35 மூட்டையா என்பது தெரியாமல் குத்தகையா சாகுபடியா என்று முடிவு செய்ய முடியாதே, அதற்காக.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு மட்டும்தான். போன முறை உங்கள் வயலில் ஒரு பகுதி சாய்ந்தும் இழப்பீடு வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பொதுவாக இழப்பைக் கணக்கிடுவது உங்கள் தனி வயலை வைத்து அல்ல, கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையை வைத்து. ஆலங்கட்டி மழை போன்ற சில வகைச் சேதங்களுக்கு மட்டும் தனி வயல் அளவில் கேட்கலாம். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த முறை அடங்கலில் பெயர் சரியாக இருக்கும்போது, கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் கட்டிவிடுங்கள்.

கடைசியாக, கணவரின் ஏடிஎம் கார்டில் அவ்வப்போது பணம் எடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். இறந்தவர் கணக்கிலிருந்து அப்படி எடுப்பது முறையல்ல. மற்ற வாரிசுகளோடு மனத்தாங்கல் வந்தால் முதலில் எடுத்துக்காட்டப்படுவதும் இதுதான். அந்தக் கணக்கில் பிஎம் கிசான் (விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை) தவணை இன்னும் விழுந்துகொண்டிருந்தால் அதையும் தொடாமல், வேளாண்மைத் துறை அலுவலகத்தில் இறப்பைத் தெரிவித்து, உங்களுக்குத் தகுதி உண்டா என்று விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் முறைப்படி கணக்கை முடித்து வாங்குங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் பதிவு செய்திருந்தாரா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்; இயற்கை மரணத்துக்கும் அதில் உதவித்தொகை உண்டு.

வங்கிக்குப் போகும்போது அவருடைய பாஸ்புக்கில் வரவு செலவை முழுதாகப் பதிந்து வாங்கி, கடந்த மே மாத இறுதிப் பகுதியைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால், அவர் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார். அவருக்கு வயது 46 என்று எழுதியிருக்கிறீர்கள்; மாரடைப்பு மரணத்துக்கும் அதில் 2 லட்சம் ரூபாய் உண்டு. இத்தனை மாதம் தாமதமாகிவிட்டதே என்று தயங்காமல், கிளையில் உரிமைகோரல் படிவம் கேட்டு வாங்கி, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்குங்கள். அந்தப் பணம் வந்தால் நகையை விற்கும் பேச்சே வேண்டாம். நேராகப் புரோநோட்டை அடைத்துவிட்டு, மிச்சத்தைச் சங்கத்தில் கட்டுங்கள்.